மருத்துவக் கைப்பிரதியும் அதன் உருவமும்

உருவமா, உள்ளடக்கமா என்னும் விவாதம் நமது இலக்கிய உலகில் நெடுங்காலமாக நடந்து வருவது. கவிதையையும் சிறுகதையையும் முன்வைத்தே அதனை நாம் நடத்தி வந்திருக்கிறோம். அழகுணர்ச்சிக்கு இடமே இல்லாததெனத் தோன்றும் ஓர் எழுத்துவகையை எடுத்து வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டால் என்ன? மருத்துவ சஞ்சிகைக்கு ஒரு வைத்தியர் எழுதி அனுப்பும் ஆய்வுக் கட்டுரையைப் போல உருவக் கட்டுப்பாடு மிகுந்த எழுத்து இன்று வேறொன்று உண்டா என்பது ஐயமே. வெண்பாவின் தளையும் இதற்கு முன் நெகிழ்ச்சியானதாகத் தோன்றும்.

தலைப்புப் பக்கம் தனியே இருத்தல் வேண்டும். இத்தனை சொற்களுக்கு மேற்படாத சுருக்கம் வேண்டும். பின்னர் முன்னுரை, ஆய்வுமுறை, பெறுபேறுகள், கலந்துரை என்னும் நான்கு பகுதிகள் அந்த ஒழுங்கிலேயே வரவேண்டும். மேற்கோள்கள் கட்டுரையில் முதன்முதல் வரும் ஒழுங்கில் எண்ணிடப்பட வேண்டும். நோயாளி சம்மதித்தாரா, அறநெறிக் குழு அனுமதித்ததா, பணம் தந்தவர் யார், எழுதியோருள் யார் எவ்வேலையைச் செய்தார் என்பனவெல்லாம் சொல்லப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் கைப்பிரதி வாசிக்கப்படாமலே திரும்பி வந்துவிடலாம். இளம் வைத்தியர் பலர் இதனை எழுதுவினைஞர் வேலையென்று சலித்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆயின் இவ்விதிகள் வானத்திலிருந்து விழுந்தவையல்ல. பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு சமூகப் பிரச்சினை இருக்கிறது. சிலவற்றின் பின்னால் பிணங்களே இருக்கின்றன.

1847ஆம் ஆண்டு வியன்னா நகரப் பொது வைத்தியசாலையில் நடந்ததை மருத்துவ வரலாறு படித்தோர் அறிவர். அங்கே மகப்பேற்றுப் பிரிவுகள் இரண்டு இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற முதலாம் பிரிவில் 1846இல் தாய்மாருள் நூற்றுக்கு 11.4 பேர் இறந்தனர். மருத்துவிச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் இறந்தோர் நூற்றுக்கு 2.8 பேரே. பிண அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் மாணவரின் கைகளே மரணத்தைச் சுமந்து வருகின்றன என்பதைக் கண்டவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் ஹங்கேரிய வைத்தியர். குளோரின் கலந்த நீரிலே கைகழுவச் செய்தார். 1848இல் முதலாம் பிரிவின் மரணவீதம் 1.27ஆக வீழ்ந்தது.

இத்தகைய கண்டுபிடிப்பை அவர் உடனே எழுதினாரா என்றால், இல்லை. 1847 டிசம்பரில் வியன்னாவின் மருத்துவ சஞ்சிகையிலே முதலறிவித்தலை எழுதியவர் அவருடைய நண்பர் ஹெப்ரா. செம்மல்வைஸின் சொந்த நூல் 1861ஆம் ஆண்டுக்குரியது. பதினான்கு ஆண்டுகள் கழிந்துவிட்டன! அந்நூலிலே அட்டவணைகள் உண்டு, மறுக்கமுடியாத சான்றுகள் உண்டு. அவற்றோடு எதிரிகள் மீதான கடுஞ்சினமும் பக்கம் பக்கமாக உண்டு. எதனைச் செய்தார், என்ன கண்டார், அதன் பொருள் யாது என்பவற்றைப் பிரித்தறிய வாசகன் இடர்ப்பட வேண்டியிருந்தது. அவர் புறக்கணிக்கப்பட்டமைக்கு அவருடைய எழுத்து ஒன்றே காரணம் என்று கூறுவது பேதைமை. தம் கைகளே கொலைக்கருவி என்பதை ஏற்க விரும்பாத பேராசிரியர்களும் இருந்தனர். ஹங்கேரியனை அந்நியனாகப் பார்த்த தலைநகரமும் இருந்தது. எனினும் சொல்லவேண்டிய காலத்தில், சொல்லவேண்டிய ஒழுங்கில் எழுதப்படாத உண்மை எத்துணைப் பலவீனமானது என்பதற்கு இதனிலும் கொடிய உதாரணத்தை நான் அறியேன். 1865இல் மனநோயாளர் விடுதியொன்றில் அவர் இறந்தார்.

ஐரோப்பாவின் மறுமுனையிலே மருத்துவ சஞ்சிகை அதற்கு முன்னரே ஒரு போர்க்கருவியாகிவிட்டிருந்தது. 1823 ஒக்ரோபர் 5ஆம் திகதி இலண்டனிலே 'லான்செற்' சஞ்சிகையைத் தொடக்கிய தோமஸ் வாக்லி, சத்திரவைத்தியர் மட்டுமல்லர்; தீவிர சீர்திருத்தவாதி. இலண்டனின் பெரிய வைத்தியசாலைகளிலே பதவிகள் மாமனிடமிருந்து மருமகனுக்கும் குருவிடமிருந்து கட்டணம் செலுத்திய சீடனுக்கும் சென்ற காலம் அது. அங்கு நிகழ்த்தப்பட்ட விரிவுரைகள் பணம் கொடுத்தோர்க்கே உரியனவாயிருந்தன. வாக்லி அவற்றை அச்சிட்டு ஆறு பென்சுக்கு விற்றார். அபர்நெத்தி என்ற புகழ்வாய்ந்த வைத்தியர் வழக்குத் தொடுத்தும் இறுதியில் அதனைத் தடுக்க இயலவில்லை.

நமது பொருளுக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி 1828இல் நடந்தது. கைஸ் வைத்தியசாலையிலே பிரான்ஸ்பி கூப்பர் என்பவர் ஓர் ஏழைத் தொழிலாளிக்குச் சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றச் சத்திரசிகிச்சை செய்தார். மயக்கமருந்து தோன்றாத காலம். சில நிமிடங்களில் முடியவேண்டிய வேலை ஏறத்தாழ ஒரு மணிநேரம் இழுபட்டது. நோயாளி இறந்தார். பிரான்ஸ்பி கூப்பர், பேர்பெற்ற சத்திரவைத்தியர் சேர் அஸ்ட்லி கூப்பரின் பெறாமகன். லான்செற்றில் அச்சிகிச்சையைப் பற்றிய விவரணம் எவ்வுருவில் வெளிவந்தது தெரியுமா? ஒரு துன்பியல் நாடகமாக! அங்கங்களும் பாத்திரங்களும் உரையாடலுமாக ஒரு மருத்துவ அறிக்கை. கூப்பர் 2000 பவுண் நட்டஈடு கோரி வழக்காடினார். யூரிமார் வழங்கியது 100 பவுண் மட்டுமே. உறவுமுறையால் பதவிபெற்றவனின் கத்தியின் கீழ் ஓர் ஏழை இறந்த கதையைச் சொல்ல, அன்றைய எழுத்தாளனுக்கு நாடகமே ஏற்ற உருவமாகப் பட்டது. (இவ்வாக்லிதான் 1835இல் பாராளுமன்ற உறுப்பினராகி, தொழிற்சங்கம் கண்ட குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்ட டோல்பட்டில் கூலி விவசாயிகளுக்காக வாதாடியவர் என்பதையும் இங்கே குறித்துவைப்போம்.)

நாடகத்தின் உணர்ச்சி ஊழலை அம்பலப்படுத்தப் போதுமானது. ஒரு மருந்து நோயைக் குணப்படுத்துகிறதா என்பதை நிறுவ அது போதாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் மருத்துவக் கட்டுரை பெரும்பாலும் கடிதமாகவோ கதையாகவோதான் இருந்தது. 'ஒரு நாள் என்னிடம் இன்ன நோயாளி வந்தார், நான் இதைக் கொடுத்தேன், அவர் குணமானார்' என்ற பாங்கு. சொல்பவரின் பெயரும் பதவியுமே சான்று. பெரிய வைத்தியர் சொன்னால் பெரிய உண்மை. கிராமத்து வைத்தியர் சொன்னால் சிறிய உண்மை. இந்த நிலவுடைமை மனப்பான்மையை உடைத்தது ஆய்வுமுறை என்னும் பகுதியே. நான் யார் என்பதை விடு, நான் செய்தது இது, நீயும் செய்துபார் என்று அது வாசகனிடம் கூறுகிறது. மருத்துவக் கட்டுரையின் நான்கு பகுதிகளுள் மிகவும் சனநாயகமானது இதுவென்பேன். அச்சில் அதனைச் சிற்றெழுத்திலே ஒதுக்கும் வழக்கமும் சில சஞ்சிகைகளில் இருந்தது வேடிக்கையே.

இம்மாற்றத்தின் உச்சமாக 1948 ஒக்ரோபர் 30ஆம் திகதி பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்த காசநோய்க் கட்டுரையைக் கூறலாம். ஸ்ரெப்ரோமைசின் என்னும் மருந்து அப்போது புதிது. போரினால் வறண்ட பிரித்தானியாவிடம் அதனை வேண்டிய அளவு வாங்க டொலர் இல்லை. இருந்த சொற்ப மருந்தை யாருக்குக் கொடுப்பது? புள்ளிவிபரவியலாளர் ஒஸ்ரின் பிராட்போர்ட் ஹில் அதனை எழுமாற்று எண்களிடம் விட்டார். முத்திரையிட்ட உறைகளுக்குள்ளே ஒவ்வொரு நோயாளியின் விதியும் இருந்தது. 107 நோயாளருள் 55 பேர் மருந்து பெற்றனர். 52 பேர் படுக்கை ஓய்வு மட்டும் பெற்றனர். ஆறு மாத முடிவில் முதற்குழுவில் 4 பேரும் இரண்டாம் குழுவில் 14 பேரும் இறந்திருந்தனர். எக்ஸ்கதிர்ப் படங்களைப் பார்த்தோர்க்கு எப்படம் எக்குழுவினது என்பது தெரியாது. இவையெல்லாம் கட்டுரையிலே ஒளிவின்றி எழுதப்பட்டுள்ளன. எழுதுவோன் விடையிறுக்க வேண்டியவை, ஏன் தொடங்கினாய், என்ன செய்தாய், என்ன கண்டாய், அதனால் என்ன என்னும் நான்கு கேள்விகளே என ஹில் பிற்காலத்தில் கூறிய கருத்து நான்கு பகுதிகளுக்கும் அப்படியே பொருந்துவது. பெரிய மருத்துவ சஞ்சிகைகள் நான்கின் பழைய இதழ்களை ஆராய்ந்தோர், இந்நாற்பகுதி அமைப்பு 1940களில் தலைகாட்டி, 1970களில் பெரும்பான்மையாகி, 1980களில் ஏகபோகமாயிற்று என்று காட்டியுள்ளனர்.

அக்கட்டுரையிலேயே இன்னொரு வரியும் ஒளிவின்றி எழுதப்பட்டிருக்கிறது: மருந்து பெறாத நோயாளர், தாம் ஓர் ஆய்வின் பகுதி என்பதை அறிந்திருக்கவில்லை. அன்று அதனை எழுதியோர்க்கும் அச்சிட்டோர்க்கும் அதிலே கூச்சமேதும் இருக்கவில்லை. இதற்குப் பின்னர் வருவோம்.

கட்டுரையின் உடல் இவ்வாறு உருப்பெற்றது. அதன் புறத்தோற்றத்துக்கு வேறொரு கதை உண்டு. அக்கதையின் நாயகர் வைத்தியரல்லர்.

ஒரு கட்டுரையை ஒரு சஞ்சிகை மறுத்தால் அதனை இன்னொன்றுக்கு அனுப்புவது வழக்கம். ஒரு சஞ்சிகை மேற்கோள்களை அகரவரிசையில் கேட்கும். மற்றொன்று எண்வரிசையில் கேட்கும். ஒன்று ஆண்டைப் பெயருக்குப் பின்னே வைக்கும். மற்றொன்று கடைசியில் வைக்கும். கணினி இல்லாத காலத்தில் இதன் பொருள் என்ன? நாற்பது மேற்கோள்களையும் முதலிலிருந்து தட்டெழுத வேண்டும். எண் மாறினால் கட்டுரை முழுவதையும் தட்டெழுத வேண்டும். பேராசிரியரா தட்டெழுதினார்? அவருடைய அறைக்கு வெளியே இருந்த பெண். அமெரிக்காவின் சியாட்டில் நகரப் பல்கலைக்கழகத்திலே இவ்வாறு தட்டெழுதிச் சலித்த ஒரு செயலாளர், மேற்கோளுக்கு எல்லோரும் ஒரே முறையை ஏற்றால் என்னவென்று சஞ்சிகை ஆசிரியர்களை வற்புறுத்தத் தொடங்கினார். அந்த வற்புறுத்தலும் சேர்ந்துதான், 1978 சனவரியில் ஆங்கில மருத்துவ சஞ்சிகைகளின் ஆசிரியர் சிலரைக் கனடாவின் வன்கூவர் நகரிலே ஒன்றுகூட்டியது. அவர்கள் வகுத்த பொது விதிகள் 1979இல் வெளிவந்தன. மேற்கோள் முறையை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் அமைத்துக் கொடுத்தது. இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர் 'வன்கூவர் முறை' என்று சொல்லி எண்ணிடுகின்றனர். நகரத்தின் பெயர் நிலைத்தது. தட்டெழுதியவரின் பெயரைத் தேடித்தான் அறியவேண்டியிருக்கிறது.

அவ்விதிகளை வாசித்தால் உழைப்பின் சுவடு வரிக்கு வரி தெரியும். வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி விடு என்பது வாசகனின் கண்ணுக்காக அன்று. பதிப்பாசிரியர் அவ்விடைவெளியிலே திருத்தி எழுத, அதனைப் பார்த்து அச்சுக்கோப்பவர் எழுத்துக் கோக்க வேண்டும் என்பதற்காக. நாற்புறமும் இரண்டரைச் சென்ரிமீற்றருக்குக் குறையாத ஓரம் விடச் சொன்னதும், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டெழுதச் சொன்னதும், அட்டவணை ஒவ்வொன்றையும் தனித்தாளில் வைக்கச் சொன்னதும் அச்சுக்கூடத்து வேலைப் பிரிவினைக்காகவே. அட்டவணையைக் கோப்பது வேறு வேலை. படத்துக்கு அச்சுக்கட்டை செய்வது வேறு வேலை. படத்தின் முதுகிலே மேற்பக்கம் எதுவென அம்புக்குறியிட வேண்டும் என்ற விதியை நினைத்துப் பாருங்கள்: நுரையீரலைத் தலைகீழாக அச்சிட்ட அனுபவம் யாருக்கோ இருந்திருக்க வேண்டும். அச்சுக்கோப்பாளர் மறைந்துவிட்டார், ஈயமும் மறைந்துவிட்டது. கணினித் திரையிலே தயாராகும் கைப்பிரதியிலும் இரட்டை இடைவெளி மட்டும் எஞ்சி நிற்கிறது. விடைத்தாளில் ஓரம் விடச் சொல்லி மாணவரை வற்புறுத்தும் நம்மனோர்க்கு இதன் நியாயம் விளங்கும்.

வன்கூவர் முறை தமிழனுக்குத் தந்த தொல்லை ஒன்றையும் சொல்லவேண்டும். குடும்பப் பெயரை முதலில் எழுது, பின் தலையெழுத்துக்களை எழுது என்கிறது அது. நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தந்தை பெயரும் தன் பெயருமே உண்டு. எந்தப் பெயரைக் கடைசியில் எழுதினாரோ அதுவே குடும்பப் பெயராகிவிடும். பிள்ளை செய்த ஆய்வு தந்தையின் பெயரில் உலக அட்டவணையில் ஏறுவதும், மணமான பின் கணவன் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண் இரு வேறு ஆய்வாளராய்ப் பிளவுபடுவதும் இதனாலேயே. ஐரோப்பியரின் பெயர்வழக்கு உலகவழக்காகக் கொள்ளப்பட்டதன் சிறியதொரு விளைவு இது. அண்மைக் காலத்தில் ஆய்வாளர்க்குத் தனி எண் வழங்கும் ஏற்பாடு ஓரளவு இதனைத் தீர்த்திருக்கிறது.

முன்னே விட்ட நூலை மீண்டும் பற்றுவோம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னுமிடத்தில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆடவர் சிகிச்சையின்றி விடப்பட்டு, நோய் அவர்களை எப்படித் தின்கிறது என்பது அவதானிக்கப்பட்டது. ஒப்பீட்டுக்காக நோயற்ற 201 பேர். பென்சிலின் கைக்கெட்டிய பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. இது இரகசியமாக நடந்த காரியமா? இல்லை. 1936 முதல் இந்த ஆய்வின் கட்டுரைகள் மருத்துவ சஞ்சிகைகளிலே வெளிவந்துகொண்டிருந்தன. முன்னுரை இருந்தது, ஆய்வுமுறை இருந்தது, அட்டவணைகள் இருந்தன. வாசித்த வைத்தியர் ஆயிரக்கணக்கானோர். இம்மனிதர் சம்மதித்தனரா என்று கேட்க அக்கைப்பிரதியிலே ஓர் இடமில்லை. ஆகவே கேள்வியும் எழவில்லை. 1972 யூலையில் செய்தித்தாள்கள் எழுதிய பின்னரே அது நின்றது.

உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் தோன்றியது. 1975இல் டோக்கியோவிலே அது திருத்தப்பட்டபோது, இப்பிரகடனத்துக்கு மாறாகச் செய்யப்பட்ட பரிசோதனைகளின் அறிக்கைகளைப் பிரசுரத்துக்கு ஏற்றல் கூடாது என்னும் விதி சேர்க்கப்பட்டது. மருத்துவ அறம் சஞ்சிகை ஆசிரியரின் மேசைக்கு வந்து சேர்ந்தது இவ்வாறுதான். இன்று கைப்பிரதியின் ஒரு மூலையிலே 'சம்மதம் பெறப்பட்டது' என்று எழுதப்படும் அந்த ஒற்றை வரி, டஸ்கீகியின் பருத்தித் தோட்டக் கூலிகளுக்கும் அவர்போன்றோர்க்கும் மறுக்கப்பட்ட வரியாகும்.

அடுத்து வந்த எதிரி முதலாளித்துவ மருந்துக் கம்பனி. 2001இல் அமெரிக்கச் சிறுவர் உளமருத்துவ சஞ்சிகையொன்றிலே, பரொக்செற்றின் என்னும் மருந்து மனச்சோர்வுற்ற இளைஞர்க்கு நல்லது, பாதுகாப்பானது என்று ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியோராகக் காட்டப்பட்டோர் 22 பேர். முதல் வரைவையோ, கம்பனி பணங்கொடுத்து அமர்த்திய எழுத்தாளரே தயாரித்தார். 2004இல் நியூயோர்க் மாநிலம், பாதகமான ஆய்வு முடிவுகளை மறைத்ததென அக்கம்பனி மீது வழக்குத் தொடுத்தது. 2015இல் மூலத்தரவுகளை மீள ஆராய்ந்தோர், மருந்து பயன் தரவில்லை என்பதையும், தற்கொலை எண்ணம் உட்படத் தீங்குகள் மிகுந்திருந்தன என்பதையும் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். கைப்பிரதியின் உருவத்தை விலைக்கு வாங்கலாம் என்பது இதனால் வெளியாயிற்று.

வன்கூவர்க் குழுவின் வாரிசாகிய சர்வதேச ஆசிரியர் குழு 2004 செப்ரெம்பரில் ஒரு முடிவுக்கு வந்தது: 2005 யூலை 1க்குப் பின் தொடங்கும் மருந்துப் பரிசோதனை, முதல் நோயாளியைச் சேர்க்குமுன் பகிரங்கப் பதிவேட்டில் பதியப்பட்டிராவிடின் அதன் கைப்பிரதி ஏற்கப்படாது. முடிவு பிடிக்கவில்லையென்று ஆய்வையே புதைத்துவிடும் தந்திரத்துக்கு அது ஓரளவு கடிவாளமிட்டது. இலங்கையிலும் 2006இல் இத்தகைய பதிவேடு நிறுவப்பட்டது. எழுத்தாளர் யார் என்பதற்கும் அக்குழு 1985 முதல் வரையறை வகுத்து வந்துள்ளது. 2013இல் கட்டுரை முழுவதுக்கும் பொறுப்பேற்றல் என்னும் நிபந்தனையையும் சேர்த்தது. வேலை செய்யாத பிரிவுத் தலைவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது இதன்படி குற்றம். நம் நாட்டு மரியாதைகள் ஒரு விதிக்கு அஞ்சி ஒழிந்துவிடும் என்று நம்புவதற்கில்லை.

உருவமே எல்லாம் என்று முடிவுகட்டவும் இயலாது. 2020 மே 22ஆம் திகதி லான்செற்றிலே, 671 வைத்தியசாலைகளின் 96,032 கொரோனா நோயாளரை ஆராய்ந்ததாக ஒரு கட்டுரை வெளியாயிற்று. சுருக்கம், அட்டவணை, மேற்கோள் எல்லாம் விதிப்படி அமைந்திருந்தன. உலக சுகாதார நிறுவனம் ஒரு பரிசோதனையைச் சில நாள் இடைநிறுத்தியது. தரவுகளைக் காட்டுமாறு கேட்டபோது அவற்றை வைத்திருந்த கம்பனி காட்டவில்லை. யூன் 4ஆம் திகதி கட்டுரை மீளப்பெறப்பட்டது. வாக்லியின் ஆறுபென்சுச் சஞ்சிகை 1991 முதல் பெருவெளியீட்டு நிறுவனமொன்றின் உடைமை என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். இன்று பல சஞ்சிகைகள் கட்டுரையை இலவசமாக வாசிக்கத் தருவதற்கு எழுதியவரிடமே ஆயிரக்கணக்கான டொலர்களை அறவிடுகின்றன. வறிய நாடுகளுக்குச் சலுகை உண்டு. ஆயின் சலுகை கேட்பவன் ஒருபோதும் சமமானவனல்லன்.

மொழி என்னும் வாயிற்படி இவை எல்லாவற்றுக்கும் முன்னே நிற்கிறது. இலங்கையின் மருத்துவ சஞ்சிகை 1887இல் தோன்றியது. அதன் மொழி ஆங்கிலம். செம்மல்வைஸ் வியன்னாவிலே கைகழுவச் சொன்ன அதே 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே பணிபுரிந்த சாமுவேல் கிரீன், 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்' 1867இலும் 'கெமிஸ்தம்' 1875இலும் அச்சேறின. தமிழ் வசனம் சத்திரசிகிச்சையை விளக்க வல்லது என்பதற்குச் சான்று நம்மிடமே இருந்தது. அம்மரபு தொடரவில்லை. ஆங்கில ஆட்சியும் உத்தியோகமும் அதனை விழுங்கின.

அண்மைக் காலத்திலே சஞ்சிகைகள் சில, மருத்துவச் சுருக்கத்தோடு பாமரர்க்கான எளிய சுருக்கமொன்றையும் கேட்கின்றன. ஆய்வுக்கு உடலைத் தந்தவன் அதன் முடிவை அறியவேண்டாமா என்பது அதன் நியாயம். கொக்றேன் என்னும் சர்வதேச அமைப்பு மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டு எழுதும் அத்தகைய சுருக்கங்களுட் சில, தன்னார்வ மொழிபெயர்ப்பாளரின் உழைப்பினால் இப்போது தமிழிலும் கிடைக்கின்றன.